நிகர எடை

வெள்ளிக்கிழமை வரை
என் கைப்பட்டைக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்:
கட்டிலிலிருந்து குளியலறை,
வாசலிலிருந்து மோட்டார் சைக்கிள்,
எடைமேடைக் கண்ணாடி அறையில்
நாற்காலியிலிருந்து அச்சு இயந்திரம்.
நாளைக்கு எண்ணூறு அடி.
மழை நாளில் எழுநூற்றுச் சொச்சம்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்து நிற்கும்.
மொத்த எடை எழுதுவேன்.
ஆலைக்குள் கொட்டிவிட்டுத் திரும்பும்.
வெற்று எடை எழுதுவேன்.
கழித்தால் வருவது நிகரம்.
பத்தொன்பது வருஷமாக
நகர்கிற எல்லாவற்றையும்
உட்கார்ந்தபடியே நிறுத்தவள் நான்.

"சர்க்கரை பதினாலு, கோமளம்.
பத்தாயிரம் நடக்கணும்" என்றார்
கிளினிக் மிஸ்ஸி ஜெசிந்தா.
எங்கே நடக்க?
பகாவ் ரோட்டில் பகலெல்லாம் லாரிப் புழுதி,
இருட்டினால் நாய்கள்.

அப்போதுதான் வந்தது இசைவிழா.
தோட்டத்துப் பழைய காற்பந்துத் திடலில்
இரண்டு இரவு, பதினோரு குழு.
உருமி, கீபோர்டு,
ராப் பாடுகிற சிரம்பான் பையன்கள்.

காரை விட்டது செம்பனை நிரைக்குள்.
அங்கிருந்து நுழைவாயில் ஆயிரத்து நானூறு அடி.
டிக்கெட்டை டேஷ்போர்டில் மறந்தது
என் ஓரகத்தி லோகாம்பாள்.
நடந்தது நான்.
போக, வர, இரண்டாயிரத்து எண்ணூறு.

கழிவறை வரிசை பள்ளிக்கூட வேலி வரைக்கும்.
நிற்பதைப் பட்டை கணக்கில் சேர்ப்பதில்லை.
ஆனால் அடக்கிக்கொண்டு
காலை மாற்றி மாற்றி வைத்தேனே,
அதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டது.

சாயங்கால மழையில் ஊறிய திடல்.
சேறு என் இடது செருப்பைக் கடன் வாங்கியது,
திருப்பவில்லை.
அதைத் தேடியது நானூறு.

கரும்புச்சாறு ஆ மெங்
தானும் கட்டிப் பார்க்கக் கேட்டார்.
அரைமணி நேரம் சக்கரம் சுற்றினார்.
கடையை விட்டு ஒரு சாண் நகரவில்லை:
மூவாயிரத்து நூறு.
"காஜாங் வரைக்கும் போய்ட்டேன்" என்று சிரித்து
எனக்கு இரண்டு கிளாஸ் இலவசமாகத் தந்தார்.

அண்ணன் மகன் தனேஸ்வரன் உருமிக்காரன்.
தேய்க்கிற கையில் கட்டிவிட்டேன்.
ஒரே உருப்படி. கண் மூடி, நின்ற இடத்தில் நின்று
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
வியர்வையில் ஊறிய பட்டையைத் திருப்பித் தந்தபோது
யாரோ ஒருவரை
முதுகில் சுமந்து நடந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

இரண்டாம் இரவு, பதினொன்றரை மணி, கடைசிக் குழு.
பாயில் சாய்ந்திருந்தேன், ஒற்றைச் செருப்போடு.
உருமி முனக ஆரம்பித்ததும்
முன்னால் இருந்த பெண்கள் எழுந்தார்கள்.
கோவிலென்றால் வசதி.
சாமி வந்தது என்று சொல்லிவிடலாம்,
மறுநாள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.
எனக்குச் சாமி வரவில்லை.
நல்ல நினைவோடு இருந்தேன்.
செருப்பைக் கழற்றி லோகாம்பாள் மடியில் வைத்துவிட்டு
ஆடினேன்.

சேறு தொடை வரை தெறித்தது.
எடையெழுதும் தோள், நாற்காலி தின்ற இடுப்பு,
இவையெல்லாம் எங்கிருந்தோ
ஷிப்ட் முடிந்து வந்து சேர்ந்தன.

நடுவில் மணிக்கட்டு அதிர்ந்தது.
சின்னத் திரையில் ஒரு கேள்வி:
"உடற்பயிற்சி செய்கிறீர்களா?"
ஆம். இல்லை.
சேற்றுக் கட்டைவிரலால்
இல்லை என்று அழுத்தினேன்.

திங்கட்கிழமை மிஸ்ஸி திரையைப் பார்த்து
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
இரண்டு நாளில் இருபத்தாறாயிரம்.
என் வேலைக்கு ஏற்ற மாதிரி விளக்கினேன்:
இது மொத்தம், மிஸ்ஸி.
இதில் ஆ மெங்கைக் கழிக்கணும், உருமியைக் கழிக்கணும்,
லோகாவின் மறதியை
யார் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.
விரலில் குத்திப் பார்த்தார். பதினைந்து.
"கரும்புச்சாறு குடிச்சீங்களா?"
சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் படித்தேன்.

மத்தியானம் முதல் லாரி மேடையேறியது.
மொத்த எடை எழுதினேன்.
டிரைவர் ஹாரன் அடித்து மேசையடியைக் காட்டினார்.
"என்னக்கா, நிலம் ஆடுதா?"
குனிந்து பார்த்தேன்.
வலது குதிகால் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.
பட்டையில் சார்ஜ் இல்லை.
தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.